பில்டைச் சாட்டி ஸ்காலாவைத் தடுக்காதீர்கள்: கொழும்பின் டெக் லீட்களுக்கு ஒரு திறந்த மடல்

கொழும்பில் ஜாவா குழுக்களை நடத்துகிற தமிழ் பேசும் டெக் லீட்களுக்கும் ஆர்க்கிடெக்ட்களுக்கும்,

வணக்கம்.

உங்களிடம் ஒரு கோரிக்கை வைக்கவே இதை எழுதுகிறேன். உங்கள் குழுவில் யாராவது வந்து, இந்தப் பகுதியை ஸ்காலாவில் (ஜாவாவின் மேடையிலேயே ஓடுகிற, ஃபங்ஷனல் பாணிக்கு இடமளிக்கிற மொழி) எழுதலாமா என்று கேட்டால், "எங்கட பில்ட் முழுக்க மேவன், அதுக்குள்ள ஸ்காலா சரிவராது" என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். (பில்ட் என்பது கோட்டைக் கொம்பைல் செய்து, டெஸ்ட் ஓட்டி, ஜாராக்குகிற வேலை; அதை நடத்துகிற கருவி மேவன்.) "சரி, வேற ரெப்போவில நீரே வச்சுக்கொள்ளும்" என்று ஒதுக்கியும் விடாதீர்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி பல வருடங்களாகத் திறந்தே கிடக்கிறது. ஸ்காலா மேவன் பிளகின் என்பது அதன் பெயர். இருக்கிற மேவன் பில்டுக்குள்ளேயே, மற்ற மொடியூல்களோடு இன்னொரு மொடியூலாக ஸ்காலாவைக் கொண்டுவர அது போதும்.

அந்த மொழி உங்களுக்கு வேண்டுமா வேண்டாமா என்பது வேறு கேள்வி. ஜாவா 16இல் ரெக்கோர்ட் நிலைபெற்றுவிட்டது, 17இல் சீல்ட் கிளாஸ், 21இல் சுவிட்சுக்குள் பேட்டர்ன் மேட்சிங், எங்கள் வேலைக்கு இவ்வளவும் போதும் என்று நீங்கள் சொன்னால் அது நேர்மையான பதில். அதை நான் எதிர்க்கமாட்டேன். பில்ட் இடம்கொடுக்காது என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அது உண்மை இல்லை. அப்பாச்சி ஸ்பார்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். பெருந்தரவைக் கையாளுகிற, பெரும்பாலும் ஸ்காலாவிலேயே எழுதப்பட்ட மிகப் பெரிய புரொஜெக்ட் அது. ஸ்காலாக்காரர்கள் வழக்கமாகப் பாவிக்கிற பில்ட் கருவியான எஸ்பிடியிலும் அதைக் கட்டலாம். ஆனால் வெளியீட்டுக்கு அவர்கள் ஆதாரமாக வைத்திருப்பது மேவன் பில்டைத்தான். அதன் பொம் கோப்பை (மேவனின் அமைப்புக் கோப்பு) திறந்து பார்த்தால் நான் சொல்கிற இதே பிளகின் அங்கே இருக்கும். செய்திகளைக் கடத்துகிற காஃப்காவின் சேர்வர் பகுதியிலும் ஸ்காலா இருக்கிறது, அதை கிரேடில் என்ற இன்னொரு பில்ட் கருவியின் ஸ்காலா பிளகினை வைத்துக் கட்டுகிறார்கள். உங்களில் பலருடைய புரொடக்ஷனில் இந்த இரண்டில் ஒன்றாவது இப்போதும் ஓடிக்கொண்டிருக்கும்.

கொழும்பை மனதில் வைத்து இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இங்கே குழுக்கள் அடிக்கடி கலைகின்றன. 2022இன் நெருக்கடிக்குப் பிறகு எத்தனை பேர் அவுஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் இங்கிலாந்துக்கும் போனார்கள் என்று உங்களுக்கே தெரியும். உங்கள் பக்கத்து மேசையிலிருந்தும் போயிருப்பார்கள். போனவர்களில் எந்தக் குறையும் இல்லை. அவர்கள் விட்டுப்போன கோட்டை மிஞ்சியிருப்பவர்கள் எடுத்து நடத்தக்கூடியதாக இருந்ததா என்பதுதான் என் கவலை.

நான் முன்பு வேலை செய்த ஓரிடத்தில் ஸ்பார்க் வேலைகள் எல்லாம் தனி ரெப்போவில், எஸ்பிடியில் இருந்தன. எழுதியவர் கெட்டிக்காரர். அவருடைய கோட் சுத்தமானது, இன்றைக்கு எடுத்து வாசித்தாலும் விளங்கும். அவர் வெளிநாடு போன பிறகு ஜாவாக்காரர்கள் கோட்டை ஓரளவு வாசித்துவிட்டார்கள். பில்டில்தான் சிக்கினார்கள். எந்தக் கட்டளையைக் கொடுப்பது, எந்த பிளகின் எதற்காக இருக்கிறது, நிறுவனத்துக்குள்ளே லைப்ரரிகளை வைத்திருக்கிற நெக்ஸஸ் சேர்வரின் கடவுச்சொல்லை எஸ்பிடிக்கு எங்கே சொல்வது என்று எவருக்கும் தெரியவில்லை. மேவனின் செட்டிங்ஸ் கோப்பை எஸ்பிடி தானாக வாசிக்காது என்பதைக் கண்டுபிடிப்பதே பெரிய வேலையாகப் போனது. கடைசியில் கணக்கில் வந்த ஒரு சின்ன மாற்றத்தை ஸ்காலாவில் செய்யாமல், அது எழுதிமுடித்த அட்டவணையின் மேல் ஒரு எஸ்கியூஎல் திருத்தமாக ஒட்டினார்கள். அதற்கு மேல் இன்னொன்று. நல்ல கோட் ஒன்று அப்படித்தான் கைவிடப்பட்டது.

அதே கோட் மேவன் மொடியூலாக இருந்திருந்தால் கட்டளை அதேதான், நெக்ஸஸ் அமைப்பு அதேதான், பில்டைத் தானாக ஓட்டுகிற ஜென்கின்ஸ் வேலையும் அதேதான். மொழியை மட்டும் படித்தால் போதுமாக இருந்திருக்கும். ஆள் மாறிக்கொண்டே இருக்கிற ஊரில் இது சின்ன விஷயம் இல்லை.

சரி, சேர்க்கும்போது எங்கே இடறும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் முதல் வாரத்தில் வருகிற இடறல்களைப் பார்த்துவிட்டுத்தான் "சரிவராது" என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்.

முதலாவது, எது முன்னால் கொம்பைல் ஆவது என்ற சிக்கல். ஒரே மொடியூலில் ஜாவாவும் ஸ்காலாவும் ஒன்றையொன்று அழைக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஸ்காலா கொம்பைலருக்கு ஜாவா சோர்ஸை வாசிக்கத் தெரியும். அதிலே என்ன கிளாஸ்கள், என்ன மெதட்கள் இருக்கின்றன என்று பார்த்துக்கொள்ளும், ஆனால் அவற்றுக்குக் கிளாஸ் கோப்பு எழுதாது. ஜாவா கொம்பைலருக்கோ ஸ்காலா சோர்ஸ் ஒன்றுமே தெரியாது. எனவே ஸ்காலா முதலில் ஓடித் தன் கிளாஸ் கோப்புகளை எழுதிவைக்க வேண்டும், அவற்றைப் பார்த்துக்கொண்டு ஜாவா பின்னால் ஓட வேண்டும். பிளகினை வெறுமனே சேர்த்தால் இது நடக்காது. அதன் கொம்பைல் கோல் (கோல் என்பது பிளகின் செய்கிற ஒரு வேலை), மேவன் வரிசையாக ஓட்டுகிற கட்டங்களில் கொம்பைல் கட்டத்தில் போய்ச் சேரும். அந்தக் கட்டத்தில் மேவனின் சொந்த ஜாவா கொம்பைலர் பிளகின் ஏற்கெனவே முன்வரிசையில் இருக்கிறது. ஜாவா முதலில் ஓடும், ஸ்காலா கிளாஸைத் தேடும், கிடைக்காது, சிம்பல் இல்லை என்று பக்கம் பக்கமாகப் பிழை கொட்டும். பார்க்கிறவருக்கு மொழியிலேயே ஏதோ கோளாறு என்று தோன்றும். தீர்வு சில வரிகள்தான்: ஸ்காலாவின் கொம்பைல் கோலை ஒரு கட்டம் முன்னால் இழுத்து, புரொசஸ் ரிசோர்சஸ் கட்டத்தில் கட்டிவிடுங்கள். டெஸ்ட் கொம்பைலையும் அதேபோல புரொசஸ் டெஸ்ட் ரிசோர்சஸ் கட்டத்தில். ஆட் சோர்ஸ் என்ற கோலையும் சேர்த்தால் ஸ்காலா கோப்புறைகளை மேவன் சோர்ஸ் என்று அறிந்துகொள்ளும், ஐடிஇக்கும் சரியாகத் தெரியும்.

ஆனாலும் என் அபிப்பிராயத்தைக் கேட்டால், முடிந்தவரை கலக்காதீர்கள். பொதுவான ஜாவா டொமைன் ஒரு மொடியூல், அதைப் பயன்படுத்துகிற ஸ்காலா ஒரு மொடியூல், ஸ்காலாவை அழைக்கிற ஜாவா செயலி இன்னொரு மொடியூல் என்று பிரித்துவிட்டால் எது முதலில் என்பதை மேவனே பார்த்துக்கொள்ளும். எல்லைக்கோடும் தெளிவாகும். அந்த எல்லையில் வெளியே தெரிகிற மெதட்கள் ஜாவாவின் லிஸ்ட், ஜாவாவின் ஒப்ஷனல் இவற்றையே வாங்கித் திருப்பிக் கொடுக்கட்டும். உள்ளே ஸ்காலாவின் கலெக்ஷன்களாக மாற்றிக்கொள்ளலாம், 2.13இல் அதற்கு ஜேடிகே கலெக்ஷன் கொன்வேர்ட்டர்ஸ் இருக்கிறது. ஸ்காலாவின் ஒப்ஷனை ஜாவாக்காரர் கையில் கொடுத்துவிட்டு அவர் திணறுவதைப் பார்ப்பது நல்ல பழக்கம் இல்லை.

இரண்டாவது டெஸ்ட். இதுதான் எனக்கு மிகவும் பயமாக இருப்பது, ஏனென்றால் இதில் பிழையே காட்டாது. மேவனில் டெஸ்ட் ஓட்டுவது ஷுவர்ஃபயர் பிளகின். எந்தக் கிளாஸ் டெஸ்ட் என்பதை அது பெயரைப் பார்த்துத்தான் எடுக்கிறது: பெயர் டெஸ்ட் என்று தொடங்க வேண்டும், அல்லது டெஸ்ட், டெஸ்ட்ஸ், டெஸ்ட்கேஸ் என்று முடிய வேண்டும். ஸ்காலாவில் எழுதுகிறவர்கள் வழக்கமாக ஸ்பெக் என்று முடிப்பார்கள். அப்படி முடிந்தால் ஷுவர்ஃபயர் அதைத் தொடாமலே போய்விடும். பில்ட் பச்சை காட்டும், ஒரு டெஸ்ட்கூட ஓடியிராது. பெயரை மாற்றினாலும் போதாது, ஸ்காலாவின் டெஸ்ட் லைப்ரரியான ஸ்காலாடெஸ்டின் கிளாஸை ஜாவாவின் டெஸ்ட் லைப்ரரியான ஜேயுனிட் தானாக விளங்கிக்கொள்ளாது. ஜேயுனிட் ரன்னரை அந்தக் கிளாஸின் மேல் போடுங்கள், அல்லது ஸ்காலாடெஸ்டுக்கென்றே இருக்கிற மேவன் பிளகினைச் சேர்த்து அந்த மொடியூலில் ஷுவர்ஃபயரை நிறுத்திவிடுங்கள். எதைச் செய்தாலும், ஒரு டெஸ்டை வேண்டுமென்றே உடைத்துப் பில்ட் சிவக்கிறதா என்று பார்த்த பிறகே மெர்ஜ் செய்யுங்கள். ரிவியூவில் இதைக் கேட்க வேண்டியவர் நீங்கள். புதிதாக வந்த பிள்ளைக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை.

மூன்றாவது, வேர்ஷன் வால். ஸ்காலா 2.12க்குக் கட்டிய லைப்ரரி 2.13இல் ஓடாது, இரண்டும் பைனரி அளவில் பொருந்தாதவை. அதனால்தான் ஒவ்வொரு லைப்ரரியின் பெயருக்கும் பின்னால் 2.12 என்றோ 2.13 என்றோ ஒரு வால் இருக்கும். எஸ்பிடி அந்த வாலைத் தானாகவே ஒட்டிக்கொடுக்கும். மேவனில் நாமே எழுத வேண்டும். ஒரு இடத்தில் 2.12 என்று விட்டுவிட்டால் கொம்பைல் ஆகிவிடவும் கூடும், பிறகு ஓடும்போது மெதட் இல்லை என்று விழும், அதுவும் இரவு ஓடுகிற வேலையில் விழும். பேரன்ட் பொம்மில் இந்த வாலை ஒரு புரொப்பர்ட்டியாக வைத்து எல்லா டிபெண்டென்சியும் அதையே எடுக்கும்படி செய்யுங்கள். பல ஸ்காலா வேர்ஷன் கலந்திருந்தால் இந்தப் பிளகின் எச்சரிக்கும், ஆனால் எச்சரித்துவிட்டுப் பில்டைத் தொடரவிடும். அதைப் பிழையாக்கி நிறுத்துகிற அமைப்பும் அதிலேயே இருக்கிறது, போட்டுவிடுங்கள். ஸ்பார்க் பாவிக்கிற குழு என்றால் 2.13ஐ எடுங்கள், ஸ்பார்க் 4.0 2.12ஐக் கைவிட்டுவிட்டது. ஸ்பார்க் தேவையில்லை என்றால் 2023இல் வந்த ஸ்காலா 3.3 வரிசை நீண்டகால ஆதரவுள்ளது. ஜேடிகேயை 21க்கு உயர்த்தப்போகிறவர்கள் 2.13.11 அல்லது 3.3.1, அதற்குக் கீழே நிற்க வேண்டாம்.

இவற்றையெல்லாம் விட, பில்ட் விஷயத்தில் நீங்கள் தலையிட வேண்டிய முக்கியமான இடம் ஒன்று இருக்கிறது. ஃபங்ஷனல் மொழி ஒன்றைக் கொண்டுவருவதற்கு நாம் சொல்கிற காரணம் என்ன? தவறான நிலைகளைக் கொம்பைலரே பிடிக்கட்டும் என்பது. ஒரு வங்கிப் பணமாற்றத்தை நினைத்துப்பாருங்கள். வங்கிகளுக்கு இடையிலான செஃப்ட்ஸ் வழியாகப் பணம் அனுப்புகிறோம்: ஏற்கப்பட்டது, மறுக்கப்பட்டது, பதிலே வரவில்லை என்று மூன்று நிலைகள். இவற்றைச் சீல்ட் டிரெய்ட்டாக (இவற்றைத் தவிர வேறு நிலை இல்லை என்று கொம்பைலருக்குச் சொல்கிற வகை) எழுதி, பேட்டர்ன் மேட்ச் செய்கிறோம், அதாவது நிலைக்கு நிலை என்ன செய்வது என்று பிரித்து எழுதுகிறோம். நாளைக்கு "திருப்பி அனுப்பப்பட்டது" என்று நான்காவது நிலை சேர்ந்தால், அதைக் கையாளாத ஒவ்வோர் இடத்தையும் கொம்பைலர் காட்டும். காட்டும், ஆனால் எச்சரிக்கையாக மட்டும். ஸ்காலாவில் இது தானாகப் பிழை ஆவதில்லை. ஜென்கின்ஸ் மாதிரியான சிஐயின் நீண்ட லொக்கில் அந்த வரி ஓடிப்போய்விடும், எவரும் பார்க்கமாட்டார்கள், பதில் வராத பணம் ஒன்று இரண்டாம் முறை அனுப்பப்படும். எச்சரிக்கைகளைப் பிழையாக்குகிற ஒரு வரியைப் பிளகினின் கொம்பைலர் அமைப்பில் எழுதினால்தான் இந்த மொழியை எடுத்த பயன் கைக்கு வரும். பழைய கோட் நிறைய இருந்தால் எல்லா எச்சரிக்கையையும் ஒரேயடியாகப் பிழையாக்குவது கஷ்டம். 2.13இல் எந்தெந்த வகை எச்சரிக்கை பிழையாக வேண்டும் என்று தெரிவுசெய்யவும் முடியும், நிலை விடுபட்டதை மட்டுமாவது முதலில் பிழையாக்குங்கள்.

வேகத்தைப் பற்றியும் கேட்பீர்கள். ஸ்காலா கொம்பைலர் ஜாவாவினதை விட மெதுவானது, அதை மறைக்க வேண்டியதில்லை. இந்தப் பிளகினுக்குள்ளே ஸிங்க் இருக்கிறது. எஸ்பிடி பாவிக்கிற அதே இன்கிரிமென்டல் கொம்பைலர் அது: எந்தக் கோப்பு எதைச் சார்ந்திருக்கிறது என்று கணக்கு வைத்து, மாறியதையும் மாற்றத்தால் பாதிக்கப்பட்டதையும் மட்டும் திரும்பக் கொம்பைல் செய்யும். எழுதுகிறவரின் மடிக்கணினியில் இது பெரிய ஆறுதல். ஒவ்வொரு முறையும் கிளீன் செய்து கட்டுகிற பழக்கம் உங்கள் குழுவில் இருந்தால் அந்தக் கணக்கும் சேர்ந்து அழிந்துபோகும். அந்தப் பழக்கத்தை விடச்சொல்லுங்கள். பெரிய மொடியூலில் கொம்பைலர் ஸ்டாக் நினைவகம் போதாமல் விழுவதும் உண்டு. ஸிங்க் மேவனின் ஜேவிஎம்முக்குள்ளேயே ஓடுவதால் ஸ்டாக் அளவையும் மேவனுக்கே கூட்ட வேண்டும். புரொஜெக்டின் மேவன் கோப்புறையில் இருக்கிற ஜேவிஎம் கொன்ஃபிக் கோப்பில் எழுதிவைத்தால் எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கும், தனித்தனியாக எவரும் தேட வேண்டாம்.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த காலத்தை மறந்திருக்கமாட்டீர்கள். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அனெக்ஸ் அறைகளில் இருந்து வேலை செய்த பிள்ளைகள் மடிக்கணினி பற்றரியிலும் ஃபோன் டேட்டாவிலும் கோட் எழுதினார்கள். அப்படியான நாளில் மேவனின் ஆஃப்லைன் ஓட்டம் கைகொடுக்கும். ஸ்காலா மொடியூல் இருந்தால் ஒன்று கவனிக்க வேண்டும். டிபெண்டென்சிகளை முன்கூட்டி இறக்கிவைக்கிற வழக்கமான மேவன் கோலை மட்டும் நம்பாதீர்கள். ஸ்காலா கொம்பைலரையும் ஸிங்க்குக்கான இணைப்புப் பகுதியையும் இந்தப் பிளகின் ஓடும் நேரத்தில் தானே தேடி எடுக்கிறது. இணையம் இருக்கும்போதே டெஸ்ட் உட்பட முழு பில்டையும் ஒருமுறை ஓட்டி வைத்துவிட்டால், அப்புறம் ஆஃப்லைனில் பிரச்சினை இல்லை. புதிதாகச் சேர்கிறவருக்கு முதல் நாளே இதைச் செய்துகொடுங்கள். அலுவலகத்து ஃபைபரில் சில நிமிடத்தில் முடிகிற இறக்கம், சொந்தக் காசில் போட்ட டேட்டாவில் அவருக்குப் பாரம்.

எஸ்பிடியை நான் குறைவாகச் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரே லைப்ரரியைப் பல ஸ்காலா வேர்ஷன்களுக்கு வெளியிட வேண்டும் என்றாலோ, ஸ்காலாவை ஜாவாஸ்கிரிப்டாக மாற்றுகிற ஸ்காலா ஜேஎஸ் மாதிரியான தளத்துக்கு எழுத வேண்டும் என்றாலோ எஸ்பிடிதான் சரி, மேவனில் அதைச் செய்ய முயல்வது வீண் சிரமம். குழு முழுக்க ஸ்காலாவில் வேலை செய்தாலும் அப்படியே. நான் கதைப்பது பத்து ஜாவா மொடியூல் இருக்கிற, அதில் பதினொன்றாவதாக ஒரு ஸ்காலா மொடியூல் வரக்கூடிய குழுக்களைப் பற்றி. நம்மில் பெரும்பாலானோர் அந்த நிலையில்தான் இருக்கிறோம். ஜாவா மேடையின் இன்னொரு ஃபங்ஷனல் மொழியான குளோஜரைக் கேட்டு வருகிறவர்களுக்கும் இது பொருந்தும், அதற்கும் மேவன் பிளகின் இருக்கிறது.

கடைசியாக, ஆட்களைப் பற்றி. கட்டுபெத்தையிலும் மாலபேயிலும் படித்துவிட்டும், யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வந்தும் உங்கள் குழுக்களில் சேர்கிற இளையவர்கள் ஃபங்ஷனல் மொழி ஒன்றைத் தாங்களாகவே தேடிப் படித்துவிட்டு வருகிறார்கள். அவர்களுக்கு ஆசை இருக்கிறது, பொம் கோப்பைத் தொடுகிற துணிவு இல்லை. அந்தக் கோப்பு பழையது, பெரியது, எதையாவது மாற்றினால் எல்லாருடைய பில்டும் உடையும் என்ற பயம் அவர்களுக்கு. பயம் நியாயமானது. ஆகவே பிளகினைச் சேர்க்கிற வேலையை அவர்கள் தலையில் போடாதீர்கள். நீங்களோ உங்கள் மூத்த பொறியியலாளரோ அவர்களோடு ஒருமுறை உட்காருங்கள். பேரன்ட் பொம்மில் பிளகினின் வேர்ஷனையும் ஸ்காலாவின் வேர்ஷனையும் நிலையாகக் கட்டி, டெஸ்டுக்கான அமைப்பையும் எச்சரிக்கையைப் பிழையாக்குகிற வரியையும் போட்டுக் கொடுங்கள். ஏன் அந்தக் கட்டத்தில் கட்டினோம் என்று ஒரு கொமெண்டும் எழுதிவிடுங்கள். அதன் பிறகு மொடியூலுக்குள்ளே என்ன எழுதுவது என்பதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

தொடங்குவதற்கு டெஸ்ட் பக்கம் பாதுகாப்பான இடம். புரொடக்ஷன் கோட் முழுக்க ஜாவாவாகவே இருக்க, டெஸ்டுகளை மட்டும் ஸ்காலாவில் எழுதிப் பாருங்கள். ஸ்காலா லைப்ரரியை டெஸ்ட் ஸ்கோப்பில் வைத்தால் அது வாடிக்கையாளருக்குப் போகிற ஜாரில் சேராது. பிடிக்காவிட்டால் அந்த ஒரு கோப்புறையை எடுத்துவிடலாம். பிடித்திருந்தால், அடுத்ததாக விதிகளும் கணக்குகளும் நிறைந்த ஒரு சிறிய மொடியூலைத் தெரிவுசெய்யுங்கள். கட்டணம் கணக்கிடுகிற பகுதி நல்ல தெரிவு. தரவுத்தளமும் ஸ்பிரிங் ஃபிரேம்வேர்க்கும் கலந்த இடத்தில் தொடங்க வேண்டாம், அங்கே வருகிற சிக்கல்களுக்கும் மொழிக்கும் சம்பந்தம் இருக்காது, பழி மட்டும் மொழியின் மேல் விழும். அந்த மொடியூலின் ரிவியூவுக்கு ஸ்காலா தெரியாத ஒரு ஜாவாக்காரரையும் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். எழுதியவர் விடுமுறையில் போன ஒரு வாரத்தில் அவர் தனியாக அந்த மொடியூலைக் கட்டி, ஒரு விதியை மாற்றி, டெஸ்டை ஓட்டி முடிக்கிறாரா என்று பார்த்துவிட்டு அடுத்த மொடியூலைப் பற்றி யோசியுங்கள்.

இப்படிக்கு,
கொழும்பில் ஜாவாவும் ஸ்காலாவும் எழுதுகிற ஒரு பொறியியலாளர்